ரயில் பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி

ஆரணியில் பட்டுச்சேலை கிடைக்கும், நல்ல அரிசி கிடைக்கும், ரயில் மட்டும் கிடைக்காது. ரயில் ஏற வேண்டுமென்றால் களம்பூர் வரை போக வேண்டும். அங்கே இருக்கிற ஸ்டேஷனுக்குத்தான் 'ஆரணி ரோடு' என்று பெயர். விழுப்புரம் - காட்பாடி தடத்தில் இருக்கிற சின்ன ஸ்டேஷன். மீட்டர் கேஜாக இருந்த தடம் 2010ல் அகலப்பாதையாக மாறியது.

இந்தத் தடத்தில் என்றில்லை, இந்தியாவின் எந்தத் தடத்திலும் பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன்பு ரயிலில் போனவர்களுக்கு ஒரு காட்சி நிச்சயம் ஞாபகம் இருக்கும். கழிவறைக் கதவைத் திறந்தால் கீழே ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஜல்லிக்கல்லும் ஸ்லீப்பர் கட்டையும் கடகடவென்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். எது விழுந்தாலும் அடுத்த நொடி கண்ணில் இருந்து மறைந்துவிடும். ரயில் போய்விடும். விழுந்தது அங்கேயே கிடக்கும்.

அந்த ஓட்டைக்குக் கீழே இப்போது ஒரு இரும்புத் தொட்டி இருக்கிறது. அந்தத் தொட்டி வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு நாடு தன் கழிவை யார் தலையில் கட்டியது என்கிற கதை முழுக்க அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது.

பலாப்பழம் எழுத வைத்த கடிதம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பம்பாய் - தானே ரயில் ஓடி மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆரம்ப காலத்து ரயில் பெட்டிகளில் கழிவறையே கிடையாது. அவசரம் என்றால் அடுத்த ஸ்டேஷன் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு மேல் வகுப்புப் பெட்டிகளுக்கு மட்டும் கழிவறை வந்தது. கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போன மூன்றாம் வகுப்புக்காரர்களுக்கு வரவில்லை. காசு அதிகம் கொடுத்தவனுக்கு மட்டும்தான் வயிறு இருக்கிறது என்று ரயில் கம்பெனிகள் நினைத்தன போலும்!

1909ல் வங்காளத்தைச் சேர்ந்த ஒகில் சந்திர சென் என்பவர் சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பலாப்பழம் நிறையச் சாப்பிட்டு வயிறு உப்பிப்போய், அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் வேட்டி என்று ஓடி வந்தவர் பிளாட்பாரத்தில் விழுந்து, ஆண் பெண் அத்தனை பேர் முன்பும் மானம் போனது. ரயிலும் போனது. அந்தக் கார்டுக்குப் பெரிய அபராதம் போட வேண்டும், இல்லாவிட்டால் பத்திரிகைகளுக்கு எழுதுவேன் என்று உடைந்த ஆங்கிலத்தில் மிரட்டி முடித்திருந்தார். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரிக்காதவர்கள் குறைவு.

இந்த ஒரு கடிதத்தால்தான் சாதாரண வகுப்புக்குக் கழிவறை வந்தது என்று சொல்வார்கள். ஒரு கடிதமே அவ்வளவையும் சாதித்ததா என்பது தனி விவாதம். அந்தக் காலகட்டத்தில் கீழ் வகுப்புப் பெட்டிகளுக்கும் கழிவறை வர ஆரம்பித்தது என்பது உண்மை.

கவனிக்க வேண்டியது வேறு. கழிவறை வந்தது, தொட்டி வரவில்லை. சென்னின் கவலை பயணி எங்கே போவது என்பது. போனது எங்கே போகும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

1917ல் காந்தி பம்பாயில் இருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அதே வருஷம் எழுதியதில், வழி நெடுக ஒருமுறைகூடப் பெட்டியையோ கழிவறையையோ யாரும் சுத்தம் செய்யவில்லை, தண்ணீர்த் தொட்டியில் தண்ணீரும் இல்லை என்று குறை சொல்லியிருக்கிறார். கட்டிக் கொடுப்பது ஒரு செலவு, பராமரிப்பது தினசரிச் செலவு. முதல் செலவுக்குத் திறப்பு விழா உண்டு. இரண்டாவதுக்குக் கிடையாது. இந்தப் பாடம் நூறு வருஷம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. அதைப் பிறகு பார்க்கலாம்.

ஓட்டைக்கு என்ன விலை?

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் ஓட்டையைப் போல மலிவான ஏற்பாடு உலகத்திலேயே இல்லை. தொட்டி வாங்க வேண்டாம், காலி செய்ய வேண்டாம், சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம். ரயில்வே பேரேட்டில் செலவு சுழியம். ஆனால் ஒரு இடத்தில் எழுதாத செலவு இன்னொரு இடத்தில் எழுதப்பட்டே தீரும். இரட்டைப் பதிவு முறை படித்தவர்களுக்கு இது தெரியும்.

முதல் பதிவு தண்டவாளத்தில் விழுந்தது. மலமும் சிறுநீரும் படப்படத் தண்டவாளமும் அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளும் துருப்பிடித்து அரித்துப்போகும். ரயில்வே பாதுகாப்பை ஆராய்ந்த அனில் ககோட்கர் தலைமையிலான குழு 2012ல் கொடுத்த அறிக்கை, திறந்த கழிவறையைச் சுகாதாரப் பிரச்சனையாக மட்டும் பார்க்கவில்லை. தண்டவாளத்தை அரிக்கிற பாதுகாப்புப் பிரச்சனையாகவும் பார்த்தது.

இரண்டாவது பதிவு மனிதர்கள் மேல் விழுந்தது. "ரயில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தாதீர்கள்" என்கிற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை பேர் அதை மதித்தார்கள்? பெரிய ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தை ஒட்டிய தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லிக்குப் பதிலாக சிமென்ட் தளம் போட்டார்கள். விழுந்ததைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதற்கு அது வசதி. ஆனால் கழுவியது யார்? துடைப்பமும் தகரமும் வாளியும் வைத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு நடுவே நின்றவர்கள், பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்த்தவர்கள். கிட்டத்தட்ட எல்லாரும் தலைமுறை தலைமுறையாக ஒரே வேலைக்குத் தள்ளப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள்.

கையால் மலம் அள்ள வைப்பதைத் தடை செய்து 1993ல் ஒரு சட்டம் வந்தது. அது உலர் கழிப்பிடங்களைப் பற்றித்தான் பேசியது. தண்டவாளம் அதில் சிக்கவில்லை. 2013ல் வந்த புதிய சட்டம்தான், கையால் மலம் அள்ளுபவர் என்பதற்கான விளக்கத்தில் ரயில் தண்டவாளத்தையும் வெளிப்படையாகச் சேர்த்தது. 2014 மார்ச் 27ல் சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்கக் காலக்கெடுவோடு திட்டம் போடும்படி ரயில்வேயிடம் சொன்னது. அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெசவாடா வில்சன். கோலார் தங்க வயலில் பிறந்தவர், 2016ல் மகசேசே விருது வாங்கியவர்.

ஆக ஓட்டைக்குக் கீழே தொட்டி வந்ததற்குக் காரணம் விஞ்ஞானம் மட்டும் இல்லை. வழக்கும் போராட்டமும் சட்டமும் சேர்ந்துதான் தள்ளிக்கொண்டு வந்தன.

வெளிநாட்டில் வண்டிக்குள் வீடு

ஓடுகிற வண்டியில் கழிவைச் சேர்த்து வைப்பது புது யோசனை இல்லை. அமெரிக்காவில் படுக்கை, சமையலறை, கழிவறையோடு ஊர் சுற்றுகிற வண்டிகள் உண்டு. (நம் ஊர் சினிமா ஷூட்டிங்கில் நட்சத்திரங்களுக்கு நிற்குமே கேரவன், கிட்டத்தட்ட அதுதான். கேரளா 2021ல் கேரவன் சுற்றுலா என்றே ஒரு திட்டம் அறிவித்தது.) அந்த வண்டிகளுக்கு அடியில் பெரும்பாலும் இரண்டு தொட்டிகள் இருக்கும். பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒன்று. கழிவறைக்கு ஒன்று. முதலாவதைச் சாம்பல் நீர் என்றும் இரண்டாவதைக் கறுப்பு நீர் என்றும் சொல்கிறார்கள்.

இதைப் பராமரிப்பதில் சில எளிய விதிகள் இருக்கின்றன. கறுப்பு நீர்த் தொட்டியின் வால்வை எப்போதும் மூடி வைக்க வேண்டும். திறந்தே விட்டால் தண்ணீர் மட்டும் வடிந்துபோய், கெட்டியானது அடியில் மேடு கட்டிக் காய்ந்துவிடும். அப்புறம் அதைக் கரைப்பது பெரும்பாடு. தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். தொட்டி ஓரளவு நிரம்பிய பிறகே காலி செய்ய வேண்டும், அப்போதுதான் வேகத்தோடு எல்லாம் வெளியேறும். அதற்கென்று இருக்கிற இடத்தில் குழாயை மாட்டி முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், பிறகு சாம்பலை. சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயையும் கழுவிவிடும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் தொழில்நுட்பம் இல்லை. வண்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் தானே கையுறை மாட்டிக்கொண்டு தன் தொட்டியைக் காலி செய்கிறார். யாரும் அவரை ஒதுக்கி வைப்பதில்லை. அது ஒரு வேலை, அவ்வளவுதான்.

விமானத்திலும் தொட்டிதான். உறிஞ்சு விசையால் கழிவை இழுத்துத் தொட்டியில் சேர்த்து, தரையிறங்கிய பிறகு லாரி வந்து எடுத்துப்போகும். அதிலும் தகராறு வந்தது. டெல்லி விமான நிலையம் பக்கத்தில் குடியிருந்த ஒருவர், வீட்டின் மேல் விமானக் கழிவு விழுகிறது என்று வழக்குப் போட்டார். பறக்கும்போது தொட்டியைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. வானத்தில் இருந்து விழுந்தால் ஒரே மனுவில் உத்தரவு! தண்டவாளத்தில் விழுந்ததற்கு நூறு வருஷம்.

பாக்டீரியாவுக்கு ஒரு வேலை

இந்திய ரயில்வே பல வழிகளை முயன்று பார்த்தது. ஒன்று, ரயில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகே கழிவு கீழே விழுகிற ஏற்பாடு. ஸ்டேஷன் சுத்தமாக இருக்கும், ஊருக்கு வெளியே இருக்கிற வயல்காரன் பாடு அவன் பாடு. இதைத் தீர்வு என்று சொல்ல முடியாது, இடமாற்றம் என்று சொல்லலாம்.

கடைசியில் கை கொடுத்தது ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. சியாச்சின் மாதிரி பனிமலையில் எதைப் போட்டாலும் மக்காது. அங்கே இருக்கிற வீரர்களுக்காகக் கடுங்குளிரிலும் வேலை செய்கிற பாக்டீரியாக் கலவையை அந்த நிறுவனம் உருவாக்கியிருந்தது. அதே முறை ரயிலுக்கு வந்தது. பெட்டிக்கு அடியில் துருப்பிடிக்காத இரும்பில் ஒரு தொட்டி, உள்ளே தடுப்புகள் போட்டு அறை அறையாகப் பிரித்திருக்கும். காற்று இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மலத்தைத் தின்று தண்ணீராகவும் மீத்தேன், கரியமில வாயு ஆகியவையாகவும் மாற்றும். மிஞ்சுகிற தண்ணீர் குளோரின் வழியாகப் போய் வெளியேறும். தமிழில் உயிரிக் கழிவறை, எல்லார் வாயிலும் பயோ டாய்லெட்.

2011 ஜனவரியில் குவாலியர் - வாரணாசி இடையே ஓடும் பந்தேல்கண்ட் எக்ஸ்பிரஸில் முதலில் இது வந்தது. அடுத்த பெரிய மைல்கல் தமிழ்நாட்டில். 2016 ஜூலையில் மானாமதுரை - ராமேஸ்வரம் இடையிலான 114 கிலோமீட்டர் தடம் நாட்டின் முதல் பசுமை ரயில் தடமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தடத்தில் ஓடும் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பயோ டாய்லெட் பொருத்திய பிறகு வந்த அறிவிப்பு. காசிக்கு அடுத்தபடி ராமேஸ்வரம் என்று புண்ணியம் தேடிப் போன ரயில்கள் அதுவரை பாம்பன் பாலத்தில் தங்கள் கழிவை நேராகக் கடலில் இறக்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போயின.

அதன்பின் வேகம் கூடியது. காந்தியின் 150ஆவது பிறந்த வருஷமான 2019ஐக் கெடுவாக வைத்து, நாடு முழுக்க ஏறத்தாழ இரண்டரை லட்சம் கழிவறைகள் மாற்றப்பட்டன. காந்தி புகார் சொல்லி 102 வருஷம் ஆகியிருந்தது.

தொட்டி வைத்தால் போதுமா?

போதாது என்பதுதான் பதில்.

2017ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை இந்தத் திட்டத்தை வரிவரியாக ஆராய்ந்தது. சுமார் 25,000 பயோ டாய்லெட்டுகளைப் பார்த்ததில் 2016-17 ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 2 லட்சம் குறைபாடுகள். அதில் ஒரு லட்சத்துக்கு மேல் அடைப்பு. தண்ணீர் பாட்டில், குட்கா பாக்கெட், துணி, நாப்கின் என்று பயணிகள் போடாதது எதுவும் இல்லை. முன்பு ஓட்டை எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. தொட்டி விழுங்காது. பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்னாது.

அதே வருஷம் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு ஒன்று இன்னும் கடுமையாகச் சொன்னது: இந்தத் தொட்டிகளில் பல, சாதாரண செப்டிக் டேங்கை விட மேலாக எதையும் செய்யவில்லை, வெளியே வருகிற தண்ணீர் சரியாகச் சுத்தமாகவில்லை. பாக்டீரியா என்றால் மந்திரப்பொடி இல்லை. அதற்கு நேரம் வேண்டும், சரியான அளவு தண்ணீர் வேண்டும். பினாயிலையும் ஆசிட்டையும் ஊற்றினால் கிருமியோடு சேர்த்து வேலைக்காரனையும் கொன்ற மாதிரி. பெட்டி பராமரிப்புக்கு வரும்போது வால்வைப் பார்க்க வேண்டும், அடைப்பை எடுக்க வேண்டும், தேவையானால் உறிஞ்சு இயந்திரத்தால் காலி செய்து புதிதாகப் பாக்டீரியா நிரப்ப வேண்டும். அமெரிக்க வண்டிக்காரரின் விதிகளும் கிட்டத்தட்ட இவையேதான்: தண்ணீர் வேண்டும், வேறு எதையும் போடக்கூடாது, நேரத்துக்குக் காலி செய்ய வேண்டும்.

பிறகு உறிஞ்சு விசையோடு கூடிய பயோ டாய்லெட்டுகள் வந்தன. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டி 2019 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்த வந்தே பாரத் ரயிலில் இருப்பது இந்த வகை. தண்ணீர் மிகக் குறைவாகச் செலவாகும். ஆனால் குழாயில் ஒரு துணி சிக்கினால் இதிலும் ஒரு ஆள் வந்து எடுத்தாக வேண்டும். அந்த ஆளுக்குக் கையுறையும் கருவியும் இருக்கிறதா, இல்லை வெறும் கைதானா என்பதில்தான் 2013ஆம் வருஷச் சட்டம் நிஜமா காகிதமா என்பது தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தொட்டி

ரயிலில் நடந்த அதே கதைதான் ஊரிலும். ஆரணி மாதிரியான சிறு நகரங்களில் முன்பக்கம் தறி ஓடுகிற வீடாக இருந்தாலும் சரி, மாடி வீடாக இருந்தாலும் சரி, பின்பக்கம் பெரும்பாலும் ஒரு செப்டிக் டேங்க் இருக்கும். ஓடாத ரயில் பெட்டியின் தொட்டி என்று அதைச் சொல்லலாம். மூடி போட்டுவிட்டால் மறந்துவிடுகிறோம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கசடை எடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. நிரம்பி வழிகிற அன்றைக்குத்தான் லாரியைத் தேடுவார்கள்.

அன்றைக்குத்தான் ஆபத்தும். மூடிய தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கின் உணர்ச்சியையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போன இன்னொருவரும் விழுவார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்த்தே வருவது இதனால்தான். 1993 முதல் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் பற்றி மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கில் தமிழ்நாடு முதல் வரிசையில் நிற்கிறது, 200 பேருக்கு மேல். வேறு பல பட்டியல்களில் முதலிடம் வாங்கியதற்குப் பெருமைப்படுகிற மாநிலம் இது.

2014ல் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. இறக்குவது ஒப்பந்தக்காரர் மட்டும் இல்லை, இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நினைக்கிற வீட்டுக்காரரும்தான்.

நல்ல மாற்றங்களும் உண்டு. தமிழ்நாடு 2014லேயே கசடு கழிவு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மதுராந்தகம் பக்கத்தில் இருக்கிற கருங்குழி பேரூராட்சியில், லாரிகள் கொண்டுவரும் கசடைச் சுத்திகரிக்க என்றே ஒரு நிலையம் வந்தது. பிறகு பல ஊர்களில் வந்தன. கழிவு லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் ஆனது. நகரங்களில் 14420 என்கிற எண்ணுக்கு அழைத்தால் இயந்திரத்தோடு வருகிற ஏற்பாடும் வந்தது. லாரி வந்தால் போதாது, அது எங்கே கொட்டுகிறது என்பதும் முக்கியம். ஏரியிலும் ஆற்றிலும் கொட்டினால் அது ரயிலின் பழைய ஓட்டைதான், சக்கரம் மட்டும் வேறு.

1856ல் ஓட ஆரம்பித்த ரயிலுக்கு அடியில் தொட்டி வர 150 வருஷத்துக்கு மேல் ஆனது. இரும்பு கிடைக்காமல் இல்லை, பாக்டீரியா கிடைக்காமலும் இல்லை. கீழே நின்று அள்ள ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள், மிக மலிவாக. மலிவான ஆள் இருக்கிறவரை யாரும் இயந்திரம் வாங்க மாட்டார்கள், இது வணிகவியலின் முதல் பாடம். அந்த ஆளின் உயிருக்கும் மரியாதைக்கும் விலை போட்டுக் கணக்கில் எழுதச் சொன்ன பிறகுதான் தொட்டி லாபமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தொட்டியிலும் அந்தக் கணக்கு எழுதப்பட வேண்டியிருக்கிறது. அடுத்த தடவை மூடியைத் திறக்கிற நாளில், உள்ளே இறங்கப் போவது குழாயா, ஆளா என்று வீட்டுக்காரர் கேட்டாலே பாதிக் கணக்கு நேராகிவிடும்.